ஒரு வரியில் வந்து போகிறவர்கள்: மகாபாரதத்திலிருந்து முதல் கதை எழுதுவது எப்படி?

கதை எழுத ஆசைப்பட்டு மகாபாரதத்தைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் கர்ணனிடம்தான் முதலில் போய் நிற்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். ஆற்றில் மிதக்கும் பெட்டி, உள்ளே குழந்தை, கரையில் அழுதுகொண்டு குந்தி. எழுதி முடித்து ஒரு நண்பரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா இதுல எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லையே" என்றார்.

அவர் சொன்னது சரி என்று புரியச் சில வருடம் ஆனது. ஊரே கூடி நின்று பார்க்கிற இடத்தில், அதே பக்கம் பார்த்துக்கொண்டு நானும் நின்றிருந்தேன். பாரதம் யாரைக் கடந்து வேகமாகப் போகிறதோ, அந்த ஆளிடம் போய் உட்கார்ந்தால்தான் நமக்கென்று ஒரு கதை கிடைக்கும். அப்படி உட்காருவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். இதுவரை ஒரு கதைகூட எழுதாதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில்: ஒரே ஒரு பருவம் போதும்

மகாபாரதம் பதினெட்டுப் பருவம், அதாவது பதினெட்டுப் பெரும் பகுதி; மரபுக் கணக்கில் 1,00,000 சுலோகம். இதைக் கேட்டதுமே பலர் மலைத்துப்போய் சுருக்கப் புத்தகத்தைத் தேடிப் போய்விடுகிறார்கள். கதை தெரிந்துகொள்ளச் சுருக்கம் போதும். கதை எழுத அது போதாது, ஏனென்றால் சுருக்குகிறவர் முதலில் வெட்டி எறிவது சின்ன ஆட்களைத்தான். நமக்கு வேண்டியதே அவர்கள்.

முழு மொழிபெயர்ப்பாக ஒன்றை எடுங்கள். கும்பகோணம் பதிப்பு என்று சொல்லப்படும் ம. வீ. இராமானுஜாசாரியார் பதிப்பு பெரிய நூலகங்களில் இருக்கும். அதன் நடை கொஞ்சம் பழையது, பழகினால் பிடித்துவிடும். கிசாரி மோகன் கங்குலி 1883 முதல் 1896 வரை வெளியிட்ட ஆங்கில உரைநடையை செ. அருட்செல்வப்பேரரசன் முழுமையாகத் தமிழாக்கியிருக்கிறார். அதை இணையத்திலேயே காசில்லாமல் படிக்கலாம். இரண்டில் எது கிடைத்தாலும் சரி.

எந்தப் பருவம்? சபா பருவத்தில் தொடங்கச் சொல்வேன். மண்டபம் கட்டுகிறார்கள், வேள்வி நடக்கிறது, ஒருவனுக்கு வயிறு எரிகிறது, சூதாட்டம், அப்புறம் அந்தச் சபை. பெரும்பகுதி மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பேசியே நடக்கிறது, அம்பு மழை குறைவு. பேச்சு எழுதக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நிறையப் பக்கம் வேண்டாம் என்றால் ஸ்திரீ பருவம். போர் முடிந்த களத்தில் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடி நடக்கும் சிறிய பருவம் அது. வில்லிபுத்தூராரின் பாரதம் இதற்கு முந்தைய சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுவதால், அவர் வழியாகவே பாரதம் படித்தவர்களுக்கு இந்தப் பகுதி புதிதாக இருக்கும். ஆதி பருவத்தில் ஆரம்பித்து வரிசையாகப் படிப்பேன் என்று உட்காராதீர்கள். சாந்தி பருவம் எல்லாவற்றிலும் பெரியது, அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

படிப்பதற்கு முன்னால் எழுதுங்கள்

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். புத்தகத்தைத் திறக்கும் முன், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு காட்சியை நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதி மடித்து வையுங்கள். பிறகு அதே காட்சியை மூலத்தில் படியுங்கள். இரண்டும் எங்கே விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

துரியோதனன் தண்ணீரில் விழுந்த கதையை எழுதச் சொன்னால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். மயன் கட்டிய மண்டபம், தரை என்று நினைத்துக் குளத்தில் கால் வைத்தான், மாடத்தில் நின்ற திரௌபதி "குருடன் மகனும் குருடனா" என்று சிரித்தாள், அதில் மூண்டது போர். இப்போது சபா பருவத்தில் அந்த இடத்தைப் பாருங்கள். அவன் விழுகிறான். பீமன் சிரிக்கிறான், வேலைக்காரர்கள் சிரிக்கிறார்கள். அரசன் உத்தரவுப்படி மாற்றுத் துணி கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அர்ச்சுனனும் நகுல சகாதேவர்களும் சிரிக்கிறார்கள். திரௌபதி அங்கே இல்லை. 'குருடன்' வசனமும் இல்லை.

சில அத்தியாயம் தள்ளி, ஊருக்குத் திரும்பிய துரியோதனன் தன் அப்பாவிடம் இதே சம்பவத்தைச் சொல்கிறான். இப்போது கதை மாறுகிறது: கிருஷ்ணன் அர்ச்சுனனோடு சேர்ந்து சிரித்தான், திரௌபதியும் மற்றப் பெண்களோடு சேர்ந்து என் மனம் நோகச் சிரித்தாள். கிருஷ்ணன் எங்கே சிரித்தான்? அவன் துவாரகைக்குப் புறப்பட்டுப் போய்விட்டான், துரியோதனனும் சகுனியும் மட்டும் மண்டபத்தில் தங்கியிருந்தார்கள் என்று பாரதமே முன்னால் சொல்லிவிட்டதே!

இதை முதன்முதலில் கவனித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்தேன். அவமானப்பட்ட ஒருவன் அந்த நேரத்தை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும்போது, சிரித்தவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. யாருடைய சிரிப்பு அவனுக்கு மிகவும் வலிக்குமோ, அவர்களும் அங்கே வந்து நின்றுவிடுகிறார்கள். ஒரு சிறுகதைக்கு இது போதும். அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் தடுக்கி விழுந்த ஒருவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வதை யோசித்துப் பாருங்கள். யார் யார் சிரித்தார்கள் என்று சொல்வார்? அந்தப் பட்டியலில் அன்று விடுப்பில் இருந்தவர் பெயரும் வருமா?

நினைவில் இருப்பது பொய், மூலத்தில் இருப்பது மட்டும்தான் மெய் என்று இதைக் கொண்டுபோய்விடாதீர்கள். மாடத்தில் திரௌபதி சிரித்த கதையும் ஊரில் வாழ்கிற கதைதான். புணேயில் பண்டார்கர் நிறுவனத்தில் 1919இல் தொடங்கி 1966 வரை 1,259 சுவடிகளை ஒப்பிட்டுத்தான் ஒரு திருத்தமான பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அத்தனை சுவடிகளிலும் எழுதியவர்கள் கூட்டியும் குறைத்தும்தான் இருக்கிறார்கள். எழுதுகிறவருக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. ஏன் இந்தச் சிரிப்பு திரௌபதி தலையில் விழுந்தது என்று கேட்டால், அதுவே தனியாக ஒரு கதை.

ஒரு வரி ஆளைக் கண்டுபிடியுங்கள்

படிக்கும்போது ஒரு சின்ன நோட்டு கையில் இருக்கட்டும். பெயரே இல்லாமலோ, பெயர் மட்டும் சொல்லப்பட்டோ வந்து போகிறவர்களை மட்டும் அதில் எழுதுங்கள். என்ன செய்தார், என்ன சொன்னார், அப்புறம் எங்கே காணாமல் போனார். மூன்று வரிக்கு மேல் வேண்டாம்.

என் நோட்டில் அதிக இடம் பிடித்தவன் பிராதிகாமி. சூத குலத்தவன், அரண்மனை ஊழியன். தருமன் திரௌபதியைப் பந்தயம் வைத்துத் தோற்றதும், அவளை அழைத்துவர முதலில் விதுரரைத்தான் ஏவுகிறான் துரியோதனன். விதுரர் மறுத்துத் திட்டுகிறார். உடனே துரியோதனன் பிராதிகாமி பக்கம் திரும்பி, நீ போ, உனக்குப் பாண்டவர்களிடம் பயமில்லை என்கிறான். சிங்கத்தின் குகைக்குள் நாய் நுழைவதுபோல அவன் உள்ளே போனான் என்கிறது பாரதம்.

போய்ச் சொல்கிறான். அவள் கேட்கிறாள்: எந்த அரசன் மனைவியை வைத்துச் சூதாடுவான்? வேறு பொருளே இல்லையா? அவன் பதில் சொல்கிறான்: முதலில் தம்பிகளை வைத்தார், பிறகு தன்னை, பிறகு உங்களை. அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். போய் அந்தச் சூதாடியிடம் கேட்டு வா, முதலில் தோற்றது தன்னையா, என்னையா?

இதைத் தூக்கிக்கொண்டு அவன் சபைக்கு வருகிறான். அத்தனை அரசர்கள் நடுவில் நின்று தருமனிடம் கேட்கிறான். தருமன் உயிரற்றவன்போல உட்கார்ந்திருக்கிறான், பதில் இல்லை. அவளே இங்கே வந்து கேட்கட்டும் என்கிறான் துரியோதனன். மறுபடி போகிறான், மறுபடி வருகிறான். மூன்றாம் முறை ஏவும்போது அவன் கால் நகரவில்லை. சபையைப் பார்த்து, "அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறான். இந்தச் சூதன் மகன் பீமனுக்குப் பயப்படுகிறான் என்று துரியோதனன் துச்சாதனனை அனுப்புகிறான். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பிராதிகாமி என்ன ஆனான் என்பதுதான் தெரியாது. அந்தக் காட்சியில் அவன் அதற்கு மேல் பேசுவதில்லை.

எல்லாப் பருவத்திலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். அரக்கு மாளிகை எரிந்த இரவில், விருந்துக்கு வந்து குடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போன நிஷாதப் பெண்ணும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும். அவர்களுடைய உடல்களைப் பார்த்துத்தான் குந்தியும் பாண்டவர்களும் செத்தார்கள் என்று ஊர் நம்பியது. திருதராஷ்டிரனுக்கு வைசியப் பெண் ஒருத்தியிடம் பிறந்த யுயுத்சு, போர் தொடங்கும் முன் அணி மாறி, உயிரோடு மிஞ்சியவன். அவன் ஹஸ்தினாபுரத்துக்குத் திரும்பி வந்து அப்பா முகத்தில் எப்படி விழித்தான்? சபையில் திரௌபதிக்காகப் பேசிய ஒரே கௌரவத் தம்பி விகர்ணன். அவனைக் கொன்ற பீமனே அவனுக்காக வருந்துகிறான். இவர்களில் யார் உங்களைத் தூங்கவிடவில்லையோ, அவரை எடுங்கள். அழகாக எழுத வருமா என்று யோசித்து எடுக்காதீர்கள்.

அவருடைய அன்றைய நாளுக்குள் போங்கள்

ஆள் கிடைத்ததும் புதிதாக எழுதுகிறவர்கள் உடனே செய்கிற காரியம், அந்தச் சின்ன ஆளைச் சபை நடுவில் நிறுத்தி துரியோதனனைப் பார்த்து ஒரு பக்கம் வசனம் பேச வைப்பது. எழுதும்போது நமக்கு நெஞ்சு நிறையும், அதனால் அதை விட மனசு வராது. ஆனால் அந்த வசனத்தைப் பேசுவது நாம்தான், பிராதிகாமி அல்ல. அவனுக்குப் பயம் இருந்தது என்று மூலம் சொல்கிறது. அந்தப் பயத்தை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டால் அவனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது.

அதற்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். சபையிலிருந்து அந்தப்புரம் எவ்வளவு தூரம்? வெயிலில் நடந்தானா, நிழலில் நடந்தானா? அவள் சொன்ன கேள்வியை வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டே வந்தானா? "சூதாடி" என்ற சொல்லை அரசன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமே, அதை விழுங்கிவிட்டானா, அப்படியே சொன்னானா? அன்று இரவு வீட்டில் என்ன கேட்டார்கள்? மறுநாள் காலை வேலைக்குப் போனானா?

இருபது கேள்வி எழுதுங்கள். பதினெட்டு வீணாகும். மீதி இரண்டில் ஒன்று உங்களை உள்ளே இழுக்கும். என்னை இழுத்தது இரவு வீடு. நான் எழுதிய தொடக்கம் இப்படி வந்தது:

"கால் கழுவாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் சொம்பை நீட்டியபடி நின்றாள். 'பெரிய இடத்தில் ஏதோ நடந்ததாமே' என்றாள். அவன் சொம்பை வாங்கவில்லை. 'ஒரு கேள்விக்குப் பதில் கேட்டு வரச் சொன்னார்கள்' என்றான். 'வாங்கிக்கொண்டு போனாயா?' என்றாள்."

சபை இல்லை, துரியோதனன் இல்லை, சேலை இல்லை. வாசகருக்கு அவையெல்லாம் தெரியும், அவர்களே கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். தெரிந்த கதையை எடுத்து எழுதுவதில் நமக்குக் கிடைக்கும் பெரிய வசதி இது. பாதிச் சுமையைப் படிக்கிறவர் சுமக்கிறார்.

உடம்பைப் பற்றிய ஒரு செய்தியைத் தேடுங்கள்

முதலில் கர்ணனை விட்டு விலகச் சொன்னேன், இப்போது அவனிடமே திரும்பி வருகிறேன். உத்தியோக பருவத்தில் கிருஷ்ணன் கர்ணனைத் தேரில் ஏற்றித் தனியே அழைத்துப்போய், நீ குந்தியின் மகன், வா, அரசு உனக்குத்தான், பாண்டவர்கள் உன் காலில் விழுவார்கள் என்கிறான். கர்ணன் மறுக்கிறான். செஞ்சோற்றுக் கடன், நட்பு என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் அவன் சொல்வது வேறு. என்மேல் வைத்த பாசத்தால் ராதைக்கு அப்போதே பால் சுரந்தது. என் மலத்தையும் மூத்திரத்தையும் அவள் அள்ளிப்போட்டாள். அவளுக்கு என்னைப் போன்றவன் எப்படிப் பிண்டம் வைக்காமல் போவான்?

ராஜ்ஜியத்தை நீட்டுகிறவனிடம் மலமூத்திரக் கணக்குச் சொல்கிறான். அதன் பிறகு அதிரதன் தனக்குப் பெயர் வைத்தது, பெண் பார்த்துக் கட்டி வைத்தது, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்தது என்று ஒரு குடும்பத்தையே எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறான். கர்ணனுக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? பெட்டியையும் ஆற்றையும் வைத்து நான் எழுதிய பழைய கதையில் ராதை ஒரே ஒரு வாக்கியத்தில் வந்து போனாள். எந்தக் கதையை எழுதியிருக்க வேண்டுமோ, அது அவளிடம்தான் இருந்தது.

ஆகவே எந்த ஆளை எடுத்தாலும் மூலத்தில் இப்படி ஒரு செய்தி கிடைக்கிறதா என்று பாருங்கள். உடம்பு, சாப்பாடு, துணி, துர்நாற்றம், காயம். காந்தாரியின் கண்கட்டுக்குக் கீழே கசிந்த பார்வை பட்டுத் தருமனின் கால் நகம் விகாரப்பட்டது. போர் முடிந்து இரும்புப் பீமனைக் கட்டித் தழுவி நொறுக்கிய திருதராஷ்டிரன் ரத்தம் கக்கினான். பெரிய உணர்ச்சியைப் பாரதம் எப்போதும் இப்படி ஒரு நகத்திலோ வாயோரத்திலோ கொண்டுவந்து வைக்கும். "அவன் மனம் நொறுங்கியது" என்று எழுதப் போகும்போதெல்லாம் அந்த நகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார்

நைமிசாரண்யத்தில் உக்கிரசிரவஸ் முனிவர்களுக்குச் சொல்கிறார். அவர் கேட்டது ஜனமேஜயனின் பாம்பு வேள்வியில் வைசம்பாயனர் சொன்னதை. போரைச் சொல்வது சஞ்சயன், கேட்பது கண் தெரியாத அப்பா. பாரதத்தில் யாரும் வெட்ட வெளியைப் பார்த்துக் கதை சொல்வதில்லை, எதிரே எப்போதும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

பீஷ்ம பருவத்தில் சஞ்சயன் களத்திலிருந்து வருகிறான். பத்து நாள் போர் முடிந்துவிட்டது. வந்ததும் முதல் செய்தியே பீஷ்மர் விழுந்துவிட்டார் என்பதுதான். முடிவை முதலில் போட்டு உடைத்துவிடுகிறான். எப்படி விழுந்தார், எப்படி விழுந்தார் என்று கிழவர் புலம்பிக் கேட்க, அப்புறம்தான் முதல் நாளிலிருந்து கதை போகிறது. துரோணருக்கும் கர்ணனுக்கும் இதே முறைதான். என்ன ஆகும் என்ற பரபரப்பு போய்விட்டது. இனி ஒவ்வொரு நாளும் இன்றுதானா, இன்றுதானா என்று கேட்கிறவர் துடிப்பதுதான் கதை. உங்கள் கதையின் கடைசிச் சம்பவத்தை முதல் பத்தியிலேயே சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகும் படிக்கத் தோன்றினால் கதை நிற்கிறது என்று பொருள்.

கேட்கிறவர் யார் என்பதை எழுத ஆரம்பிக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிராதிகாமி மனைவியிடம் சொன்னால் ஒரு கதை. போருக்குப் பிறகு தன் பேரனிடம் சொன்னால் வேறு கதை. துச்சாதனனின் தேரோட்டியிடம் சொன்னால்? அங்கே அவன் பாதியை மறைக்க வேண்டியிருக்கும்.

இந்தக் காலத்துக்குக் கொண்டுவர நினைத்தால்

பலருக்கு இந்த ஆசை வரும். நல்ல ஆசைதான். பெயர்களைச் சுமந்து வராமல், கட்டு ஒன்றை மட்டும் கொண்டு வாருங்கள். கட்டு என்று நான் சொல்வது, அந்த ஆட்களை அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கும் நிபந்தனையை.

விராட பருவத்தை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்றாம் வருடம் ஆள் தெரியாமல் இருக்க வேண்டும், தெரிந்துவிட்டால் மறுபடி பன்னிரண்டு வருடம் காடு. ஒரே அரண்மனையில் கணவர்கள் ஐவரும் வேலை பார்க்கிறார்கள். பீமன் சமையற்கட்டில், அர்ச்சுனன் நாட்டியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, திரௌபதி ராணிக்குத் தலை சீவி அலங்காரம் செய்துகொண்டு. ராணியின் சகோதரன் கீசகன் அவளைத் துரத்துகிறான். அவள் கத்திக் கூப்பிடலாம், ஆனால் யாரை, என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? கட்டு அதுதான். ஆவணம் இல்லாமல் வெளிநாட்டில் ஒரே வீட்டில் வேலை செய்கிற கணவன் மனைவி, தாங்கள் தம்பதி என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தால் அவர்களுக்கும் அதே கட்டுதான். உங்கள் கதையில் திரௌபதி என்ற பெயரோ ஐந்து ஆண்களோ தேவையில்லை. பாரதமே கேள்விப்படாத ஒருவருக்கும் அது புரிய வேண்டும். தெரிந்தவருக்கு முதுகில் சிலிர்க்க வேண்டும்.

அதே பருவத்தின் தொடக்கத்தில் ஆயுதங்களை வன்னி மரத்தில் கட்டி வைக்கிறார்கள். யாரும் அருகில் வராதிருக்க ஒரு பிணத்தையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். எதிர்ப்பட்ட ஆடுமாடு மேய்ப்பவர்களிடம், இது எங்கள் அம்மா, வயது நூற்றெண்பது, இப்படி மரத்தில் கட்டுவது எங்கள் குல வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த மேய்ப்பர்கள் நம்பினார்களா? யாருடைய பிணம் அது? இந்த இரண்டு கேள்வியையும் உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இப்படியெல்லாம் கூட்டி எழுதலாமா என்று தயங்குகிறவர்கள் அரவானைப் பார்க்கட்டும். வடமொழியில் அவன் இராவான், அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் மகன், எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையில் சாகிறான். ஏறக்குறைய அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அவன் போருக்கு முன்னால் தன்னையே களப்பலி கொடுத்தவன். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். சிறிதாக வந்து போன ஒருவனை நம் ஆட்கள் எவ்வளவு பெரிதாக வளர்த்திருக்கிறார்கள்! 1912இல் பாரதி அதே சூதாட்டச் சபையைப் பாடியபோது, அங்கே நின்ற பாஞ்சாலியில் அடிமைப்பட்ட நாட்டையும் பார்த்தான்.

வாய்ப்பு இருந்தால் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவுக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் உயரமான தபசு மரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசும்போது பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே முந்தானை விரித்து நிற்பார்கள். கடைசி நாள் தரையில் மண்ணால் செய்த மிகப் பெரிய துரியோதனன் படுத்திருப்பான். கூத்தில் கட்டியங்காரனைக் கவனியுங்கள். காவலாளி, வேலைக்காரன், வழிப்போக்கன் என்று பெயர் இல்லாதவர்கள் பலரும் அவரே. அரசர்களைக் கேள்வி கேட்க அவருக்கு உரிமை உண்டு. உங்கள் ஒரு வரி ஆள் எப்படிப் பேசுவார் என்று தெரியாமல் தவித்தால் அவரிடம் பாதிப் பதில் கிடைக்கும்.

அவனா, அவரா

தமிழில் எழுதுகிறவருக்கு வரும் சிக்கல் இது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இல்லை. பீஷ்மர், துரோணர், விதுரர் என்று 'ர்' போட்டுப் பழகியிருக்கிறோம். துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் 'ன்'. ஆனால் பிராதிகாமி வழியாகக் கதை சொன்னால் துரியோதனன் 'அவன்' ஆவானா? படியளக்கிற அரசன், மனதுக்குள்கூட 'அவர்' என்றுதான் வரும். கதை போகப் போக ஒரு இடத்தில் அந்த 'அவர்' 'அவன்' ஆகலாம். அந்த மாற்றத்துக்கு ஒரு வாக்கியம்கூட விளக்கம் தேவைப்படாது. இதைத் தற்செயலாக நடக்கவிடாதீர்கள். எந்த வரியில் மாறுகிறது என்று தெரிந்து மாற்றுங்கள். திரௌபதி பல ஊர்களில் கும்பிடப்படும் அம்மன் என்பதையும் மறக்க வேண்டாம். அவளைப் பற்றி என்ன கேள்வியும் கேட்கலாம், பாரதமே கேட்கிறது. அவள் பட்டதைக் காட்சிப் பொருளாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

"நாதா", "சுவாமி", "அந்தோ" எல்லாம் வேண்டாம். நேர்மாறாக இன்றைய பேச்சை அப்படியே அரண்மனைக்குள் விடுவதும் ஒட்டாது. உங்கள் பாட்டி பெரியவர்கள் முன்னால் பேசும் தமிழ் எப்படி இருக்கும்? அந்த அடக்கம், அந்தச் சுருக்கம். எனக்கு அது எப்போதும் கைகொடுத்திருக்கிறது. 'சூதன்' என்ற சொல் சபையில் எப்படி வசையாக விழுகிறது என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்பைச் சொல்லிக் குத்துவது பாரதம் நெடுக வரும், அதைப் பூசி மெழுகினால் பிராதிகாமியின் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

எழுதி முடித்ததும்

முதல் கதைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சொல் போதும். ஒரு இடம், ஒரு இரவு, இரண்டு ஆட்கள். எழுதியதை ஒரு வாரம் மூடி வையுங்கள். பிறகு அந்தப் பருவத்தின் அந்த அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள். மூலத்தில் நடந்ததை நீங்கள் தெரியாமல் மாற்றியிருந்தால் திருத்துங்கள். தெரிந்தே மாற்றியிருந்தால் விடுங்கள்.

அப்புறம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், எழுதுகிற நண்பருக்கு அல்ல, பாரதம் கேட்டு வளர்ந்த ஒரு பெரியவருக்கு. நான் பிராதிகாமி கதையை எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் நல்லா இருக்கு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. "அவ கேட்டாளே, அதுக்கு யாராவது பதில் சொன்னாங்களா?" என்றார். இல்லை பாட்டி, பீஷ்மர்கூடத் தர்மம் நுட்பமானது, என்னால் முடிவு சொல்ல முடியவில்லை என்றுதான் சொன்னார் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இவன் பொண்டாட்டி என்ன பதில் சொன்னா?" என்றார்.

அதை நான் எழுதியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சொம்பு நீட்டிய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.